மறக்கும் மணலும் மறவாத நிலமும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்குக் கரையில் நமீபியா என்னும் நாடு உளது. அந்நாட்டுக் கடற்கரை முழுவதும் பரவி, வடக்கே அங்கோலா நாட்டுள்ளும் தெற்கே தென்னாப்பிரிக்க நாட்டுள்ளும் சிறிது புகுந்து கிடப்பது நமீபுப் பாலைவனம். நமீபு என்பது அங்கு வாழும் நாமா மக்களின் மொழிச்சொல். பரந்த வெளி என்பது அதன் பொருள் என்பர். 1990ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற அந்நாட்டின் பெயரும் இப்பாலையின் பெயரைத் தழுவியே அமைந்தது.

தமிழிலக்கியம் கூறும் பாலைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் வளங்குன்றிய நிலையையே நம் முன்னோர் பாலை என்றனர். மழை பெய்யின் அது மீண்டும் தழைக்கும். நமீபோ என்றும் பாலை. அதன் அருகிலேயே அட்லாண்டிக்குப் பெருங்கடல் ஓயாது அலைவீசிக் கொண்டிருக்கிறது. ஆயினும் மழை இல்லை. இதற்குக் காரணம் கடலிலேயே உள்ளது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையை ஒட்டி ஓடும் பெங்குவெலா என்னும் நீரோட்டம் மிகவும் குளிர்ந்தது. அதன்மேல் வரும் காற்று குளிர்ந்து கனத்து, மேலெழ மாட்டாமல் தாழ்ந்தே தவழும். மேலெழாத காற்றில் மழைமுகில் உருவாவதில்லை, மூடுபனிதான் உருவாகும். கடற்கரையிலுள்ள சுவாகோப்மண்டு என்னும் ஊரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 20 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. ஐப்பசித் திங்களில் சென்னையில் ஓர் இரவிற் பெய்யும் மழை இதனினும் பன்மடங்காதல் உண்டு. ஆனால் மூடுபனியோ ஆண்டின் பல நாட்களில் கடலினின்றும் எழுந்து பல கிலோமீட்டர் தொலைவு உள்நாட்டிற் புகும். நமீபின் உயிர்களிற் பல அப்பனியையே பருகி வாழ்கின்றன.

சுவாகோப்மண்டு, 1892ஆம் ஆண்டில் செர்மானியர் தமக்குத் துறைமுகம் வேண்டி நிறுவிய ஊர். அதன் தென்புறத்தே சுவாகோப்பு ஆறு கடலொடு கலக்கிறது. கலக்கிறது என்று கூறினும், அவ்வாற்றில் நீர் ஓடும் நாட்கள் மிகச் சிலவே. மற்றை நாட்களில் அது வெறும் மணற்படுகை. எனினும் அது செய்யும் காவல் பெரிது. தெற்கிலிருந்து காற்றால் தள்ளப்பட்டு வரும் மணற்குன்றுகள் அவ்வாற்றின் தென்கரையொடு நின்றுவிடுகின்றன. என்றோ ஒருநாள் வரும் வெள்ளம், படுகையிற் சேர்ந்த மணலையெல்லாம் வாரிக் கடலிற் கொட்டிவிடுகிறது. ஆதலின் ஆற்றுக்குத் தெற்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வால்விசு விரிகுடா ஊர்வரை, மணற்குன்றுகள் அலையலையாக நிற்கின்றன. ஆற்றுக்கு வடக்கேயோ, சரளைக் கற்கள் பரவிய சமவெளி கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கிடக்கிறது. தென்புறத்துக் குன்றுகளின் இடையிலும், அவற்றிற்கும் கடலுக்கும் நடுவிலும், இத்தகைய சரளை வெளிகள் தெருக்களைப் போல ஆங்காங்கே அமைந்துள்ளன. நமீபிய அரசு இப்பகுதிகளையெல்லாம் சேர்த்து 2010ஆம் ஆண்டில் 'தோரோபு' தேசியப் பூங்கா என அறிவித்தது. தோரோபு என்பதற்கு வறண்ட நிலம் என்பது பொருள்.

இம்மணற்குன்றுகளில் ஊர்ந்து உலாவருதற்கு ஏற்றதாக இக்காலத்து மக்கள் விரும்பும் வண்டி ஒன்று உளது. அதனைக் 'குவாட் பைக்' என்பர். நான்கு சக்கரம் உடையது. ஆயினும் காரைப் போல உள்ளே அமர்வதற்கு இல்லை. குதிரைமேல் அமர்வது போல இருபுறமும் காலிட்டு அமர்ந்து, மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற கைப்பிடியைப் பற்றிச் செலுத்த வேண்டும். வலக்கைப் பெருவிரலால் ஒரு சிறு விசையை அழுத்தினால் வண்டி விரையும். விரலை எடுத்தால் தளரும். இதன் டயர்கள் பருத்தவை. அவற்றினுள் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம், காரின் டயரில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. அதனால் அவை மணலில் ஆழ்ந்து புதையாமல், ஒட்டகத்தின் அடியைப் போலப் பரந்து மிதந்து செல்லும்.

இவ்வண்டியின் வரலாறு நீண்டதன்று. 1970ஆம் ஆண்டில் சப்பானிய நிறுவனமாகிய ஹோண்டா, பெரிய காற்று டயர்கள் பூட்டிய மூன்று சக்கர வண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அது விளையாட்டுப் பொருளாகவும் பண்ணைக் கருவியாகவும் விரைந்து பரவியது. அவ்விரைவிலேயே கவிழ்ந்து விழுந்தோர் தொகையும் பெருகியது. 1982ஆம் ஆண்டில் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியை வெளியிட்டது. மூன்று சக்கர வண்டிகளைப் புதிதாக விற்பதில்லை என்று 1988ஆம் ஆண்டில் உற்பத்தியாளர் அமெரிக்க அரசொடு உடன்பாடு செய்துகொண்டனர். நான்கு சக்கரம் வந்தமையால் ஆபத்து முற்றும் நீங்கியதென எண்ணுதல் பிழை. பெரியோர் ஊரும் வண்டிகளுட் பல 200 கிலோ எடைக்கு மேற்பட்டவை. அவற்றின் எடையும் உயரத்தில் நிற்பது. சரிவிற் குறுக்கே திரும்பினால் வண்டி புரண்டு, ஊர்ந்தவர்மேலேயே விழுதல் கூடும். பண்ணைகளில் இவ்வாறு உயிரிழந்தோர் பலராதலின், ஆசுதிரேலிய அரசு 2019ஆம் ஆண்டில் ஒரு பாதுகாப்பு விதியை இயற்றியது. பண்ணை முதலிய பொதுப் பயனுக்கு விற்கப்படும் புதிய வண்டிகளில், கவிழ்ந்தாலும் ஊர்பவர் நசுங்காமற் காக்கும் வளைவுச் சட்டம் இருத்தல் வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் அங்கே சட்டமாயிற்று. நான்கு கால் உடைய நாற்காலியும் சாய்த்தால் சாயும் என்பதை ஊர்வோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இனி, நண்பர் நால்வர் இவ்வண்டிகளில் மணற்குன்றுகளைக் காணச் செல்வதாகக் கொள்வோம். அவர்கள் தலைநகராகிய விண்டூக்கில் வாழ்பவர். திசம்பர்த் திங்களில் அந்நகரத்து மக்கள் வெயிலுக்கு அஞ்சிக் கடற்கரையூர்களுக்குப் போதல் வழக்கம். அவ்வாறு வந்தவரே இந்நால்வரும். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் வங்கியில் எழுத்தர். ஒருவர் மோட்டார் வண்டிகளைப் பழுது பார்ப்பவர். நால்வருள் இளையவன் கல்லூரி மாணவன். காலையில் மூடுபனி கலையுமுன் அவர்கள் ஆற்றங்கரையிலுள்ள கொட்டகையை அடைகின்றனர். பனியில் வண்டிகளின் இருக்கைகள் நனைந்து கிடக்கின்றன.

வழிகாட்டி அவர்களை உடனே வண்டியில் ஏற்றுவதில்லை. முன்பு ஊர்ந்து பழகியவர் யார், பழகாதவர் யார் என்று வினவுகிறார். பழகாதோர்க்குக் கியர் தானே மாறும் எளிய வண்டி. பழகியோர்க்கே கியரைத் தாம் மாற்றிச் செலுத்தும் வண்டி. பின்னர் ஒவ்வொருவர்க்கும் தலைக்கவசம் அளித்து, அதன் வாரைத் தம் கையாலேயே இறுக்கிப் பார்க்கிறார். வாரை இறுக்காத தலைக்கவசம், விழும்போது ஊர்பவர்க்கு முன்னரே உருண்டு ஓடிவிடும் அன்றோ! அதன்பின் அவர் கூறும் விதிகள் மூன்றே. எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகவே வரல் வேண்டும். முன்செல்பவர் சக்கரம் பட்ட இடத்திலேயே பின்வருபவர் சக்கரமும் படல் வேண்டும். அவர் கையை உயர்த்தினால், அந்நொடியே, நின்ற இடத்திலேயே நிற்றல் வேண்டும்.

"முதல் விதியும் மூன்றாம் விதியும் எங்கள் நன்மைக்கு என்பது விளங்குகிறது. இரண்டாம் விதி எதற்கு?" என்று வினவினான் மாணவன்.

"போகப் போகத் தெரியும்" என்றார் வழிகாட்டி. அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. புதியோனாகிய ஆசிரியை அவர் வண்டிக்கு அடுத்த இடத்திலும், ஓரளவு பழகிய மாணவன் வரிசையின் இறுதியிலும் நிறுத்தப்பட்டனர்.

ஆற்றுப்படுகையைக் கடந்ததும் முதற்குன்று எதிரே நின்றது. மணற்குன்று என்பது மணலைக் குவித்து வைத்த குவியல் அன்று. அதற்கு ஓர் அமைப்பு உண்டு. காற்று வந்து மோதும் புறம் நீண்ட மென்சரிவாக இருக்கும். அங்கே மணல் இறுகிக் கிடக்கும். வண்டி அதன்மேல் எளிதில் ஏறும். காற்று உருட்டிக் கொணர்ந்த மணல் உச்சியைக் கடந்ததும் மறுபுறத்தே சரிந்து விழுகிறது. விழுந்த மணல் தான் நிலைத்து நிற்கத்தக்க சரிவில் நிற்கிறது. அச்சரிவு ஏறத்தாழ 32 முதல் 34 பாகை வரை இருக்கும். அதற்கு மேற் செங்குத்தானால் மணல் தானே சரிந்து, பழைய சரிவை அடையும். இவ்வாறு ஒருபுறத்து மணல் மறுபுறத்திற்குச் சென்றுகொண்டே இருத்தலால், குன்றும் சிறிது சிறிதாக நகர்கிறது. குன்றின் உச்சி கத்தியின் விளிம்பு போன்றது. கீழிருந்து வருவோர்க்கு மறுபுறம் தெரியாது. விரைந்து ஏறுபவர், உச்சியில் நிலம் முடிந்ததை உணருமுன் வானிற் பாய்ந்து வீழ்வர். மணற்குன்றுகளில் நேரும் விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

வழிகாட்டி ஒவ்வோர் உச்சியையும் அடையுமுன் வேகத்தைக் குறைத்து, குன்றின் விளிம்பை ஒட்டி வளைந்து, நின்று, எட்டிப் பார்த்து, அதன்பின்னரே கையசைத்து மற்றவரை அழைத்தார். ஏறும்போது முன்னோக்கிச் சாய்தலும், இறங்கும்போது பின்னோக்கிச் சாய்தலும், சரிவின் குறுக்கே செல்லும்போது மேட்டுப்பக்கம் உடலைச் சாய்த்தலும் இவ்வண்டி ஊர்தலின் அடிப்படை. ஊர்பவர் உடலும் வண்டியின் எடையில் ஒரு பகுதியே. எழுத்தர் முதலில் மரக்கட்டை போல் விறைத்து அமர்ந்திருந்தார். மூன்றாம் குன்றில்தான் அவர்க்கு இடுப்பு வளைந்தது. செங்குத்தான மறுபுறத்தில் இறங்குகையில் ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார் என்று பிற்பாடு அவரே கூறி நகைத்தார். நேராக இறங்க வேண்டும். தாழ்ந்த கியரில் வண்டியை இருத்த வேண்டும். முன்பிரேக்கை வன்மையாகப் பிடித்தல் ஆகாது. அச்சத்தால் குறுக்கே திருப்புதல் அறவே ஆகாது. இவற்றைச் செய்தால் வண்டி படகு போல வழுகி இறங்கும்.

வழுகிய மணல் ஓர் இடத்தில் முழங்கியது. தொலைவில் வானூர்தி செல்வது போன்ற ஓசை காலடியிலிருந்து எழுந்தது. உலர்ந்த மணல்மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து கூட்டமாகச் சரியும்போது எழும் ஒலி அது. மோட்டார் பழுது பார்ப்பவர், தம் வண்டியின் இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு நேர்ந்ததென எண்ணிக் குனிந்து செவிமடுத்தார். தொழிற்பழக்கம் யாரை விட்டது!

ஓர் உச்சியில் எல்லோரும் இயந்திரங்களை நிறுத்தி இறங்கினர். பனி இன்னும் முற்றும் கலையவில்லை. மணல் மீது இரவில் நடமாடிய உயிர்களின் சுவடுகள் அச்சிட்ட எழுத்துப் போலத் தெளிந்து கிடந்தன. வழிகாட்டி அவற்றைப் படித்துக் காட்டினார். இரு வரிசைப் புள்ளிகள் வண்டு சென்ற தடம். மணலைச் சிறிது உயர்த்திக்கொண்டு கோணலாக ஓடும் வரப்பு, கண்பார்வையற்ற பொன்னிற அகழெலி மணலுக்குள் நீந்திய தடம். ஏணிப்படிகளைச் சாய்த்து வைத்தாற் போன்ற கோடுகள், பக்கவாட்டில் ஊரும் சிறு விரியன் சென்ற வழி. ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த நீளமே உடைய அவ்விரியனுக்குக் கண்கள் தலையின் உச்சியில் உள்ளன. உடலை மணலிற் புதைத்து, கண்ணை மட்டும் வெளியே வைத்து இரைக்குக் காத்திருக்கும். அன்று அது அவர்கள் கண்ணிற் படவில்லை. ஆனால் உச்சி விளிம்பில் கருவண்டு ஒன்று தலைகீழாக நின்றது. காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி, பின்னுடலை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி அது அசையாது நின்றது. பனி அதன் முதுகிற் படிந்து துளியாகி, உருண்டு வாயை வந்தடைகிறது. நீர்வேட்கைக்கு இவ்வண்டு கண்ட வழியை ஹாமில்டன், சீலி என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1976ஆம் ஆண்டில் வெளியிட்டபோது உலகமே வியந்தது. வழிகாட்டி காந்தம் ஒன்றை மணலில் உருட்டி எடுத்தார். அதில் கரிய இரும்புத் தாதுத் துகள் மீசை போல் ஒட்டிக்கொண்டது. குன்றின் முகத்திற் கருங்கோடுகளாகத் தெரிவதும் அத்துகளே.

"நம் வண்டிகள் இவ்வளவு அழகிய மணலைக் கிழித்துவிட்டனவே" என்று ஆசிரியை வருந்தினார்.

"பிற்பகலில் தென்மேற்குக் காற்று எழும். நாளைக் காலையில் வந்து பாருங்கள். நாம் வந்ததற்கு அடையாளமே இராது. மணல் மறந்துவிடும்" என்றார் வழிகாட்டி.

அங்கிருந்து இறங்கியதும் குன்றுகளுக்கு நடுவே ஒரு சரளை வெளி எதிர்ப்பட்டது. நெல் உலர்த்தும் களம் போல அது ஒரே சமமாக இருந்தது. சாம்பல் நிறக் கூழாங்கற்களைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஒரு புல்லும் இல்லை. அவ்வெளியின் ஓரமாகப் பழைய தடம் ஒன்று வளைந்து சென்றது. வழிகாட்டி அத்தடத்தைவிட்டு ஓர் அங்குலமும் விலகாமல், வண்டியை மிக மெல்லச் செலுத்தினார். பின்வந்த மூவரும் அவ்வாறே சென்றனர். குன்றுகளில் ஏறி இறங்கிக் களிப்புற்ற மாணவனுக்கு இம்மெல்லிய நடை பொறுக்கவில்லை. எதிரே தடையில்லாத சமநிலம். குறுக்கே சென்றால் ஒரு நொடியில் முன்னவரைப் பிடித்துவிடலாம். விழுதற்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அவன் கைப்பிடியைத் திருப்பினான், பெருவிரலை அழுத்தினான்.

சக்கரங்கள் சரளையில் முப்பது அடி ஓடியிரா. தலைக்கு மேலே ஒரு பறவை கீச்சென்று அலறியது. சுற்றிச் சுற்றிப் பாய்ந்து, அவன் தலைக்கவசத்தை உராய்வது போல் தாழ்ந்து, மீண்டும் மேலெழுந்து அலறியது. வழிகாட்டி திரும்பிப் பார்த்தார், கையை உயர்த்தினார். மாணவன் நின்றான்.

அவர் சினந்து கூவவில்லை. இயந்திரத்தை நிறுத்துமாறு சைகை காட்டி, தம் வண்டியை விட்டிறங்கி, மாணவன் வந்த சக்கரத் தடத்தின்மேலேயே அடி வைத்து நடந்து வந்தார். வண்டிக்கு முன்னே பத்தடித் தொலைவில் விரலை நீட்டினார். மாணவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மீண்டும் நோக்கினான். கூழாங்கற்களுக்கு இடையே, கூழாங்கல்லைப் போன்றே புள்ளியிட்டு, ஒரு முட்டை கிடந்தது. கூடு இல்லை; சுள்ளி இல்லை; ஒரு சிறு குழி, அதில் ஒற்றை முட்டை.

"வண்டியைத் திருப்பாதே, வந்த தடத்திலேயே பின்னோக்கி இறக்கு. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. நாம் இங்கே நிற்கும் வரையில் தாய் கீழே இறங்காது. நிழலில்லாமல் முட்டை வெந்துவிடும்" என்று மெல்லக் கூறினார். மாணவன் நடுங்கும் விரலால் பின்கியரைப் போட்டான். இருவருமாக வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னே கொணர்ந்து பழைய தடத்திற் சேர்த்தனர். எல்லோரும் அவ்விடத்தை விட்டு அகன்று, ஒரு குன்றின் மறைவில் நின்ற பிறகுதான் வழிகாட்டி மற்றவற்றைக் கூறினார்.

அப்பறவை தமாரா ஆலா. ஒரு சாண் நீளமே உள்ளது. இவ்வினத்தில் மிகப் பெரும்பாலானவை நமீபியக் கரையிலேயே முட்டையிடுகின்றன. குளிர்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளுக்குப் பறந்து சென்று, கோடையில் இங்கே மீள்கின்றன. ஒருமுறை இடுவது பெரும்பாலும் ஒரே முட்டை. கடலருகே இடாமல் சற்று உள்ளே தள்ளிச் சரளை வெளியில் இடுவதற்கு, கரையில் திரியும் நரிக்கு அஞ்சுதலே காரணம் என்பர். நரிக்கு அஞ்சி வந்த இடத்தில் சக்கரத்திற்கு அஞ்ச வேண்டியதாயிற்று. சுவாகோப்மண்டுக்குத் தெற்கே இப்பறவைகள் கூடி முட்டையிடும் இடம் ஒன்றில் ஊர்திகள் நுழையாதபடி தடுப்பு இட்டதும் இதுபற்றியே.

"முட்டைக்கு ஒன்றும் நேரவில்லையே, அதுவே போதும். என் தடத்தைக் காற்று அழித்துவிடும் அன்றோ?" என்று மாணவன் வினவினான். அவன் குரலில் சிறிது அமைதி பிறந்திருந்தது.

வழிகாட்டி தலையசைத்தார். "மணலாயின் அழித்துவிடும். இது மணல் அன்று" என்றார்.

அவர் கூறியதன் உண்மை இது. சரளை வெளியின் மேற்பரப்பு பன்னெடுங்காலமாக அமைந்த ஒரு தோல். இலேசான மணலையும் புழுதியையும் காற்று கொண்டுபோக, கனத்த கற்கள் மட்டும் தளவரிசை போல் எஞ்சின. அவற்றின் அடியில் மூடுபனியின் ஈரமும் உப்பும் சிப்சமும் கலந்து மெல்லிய ஓடாக மண் இறுகிக் கிடக்கிறது. சக்கரம் ஒருமுறை ஏறினால் ஓடு நொறுங்குகிறது, கற்கள் புதைகின்றன, அடியிலுள்ள வெளிறிய மண் மேலே தெரிகிறது. அதனை மீண்டும் சமன்செய்ய அங்கே மழை பெய்வதில்லை, புல் முளைப்பதில்லை, உழுது போடுவார் யாரும் இல்லை. காற்றுக்கு அசையாத கற்கள் ஆதலின் காற்றாலும் பயன் இல்லை. ஆற்றுக்கு வடக்கே பாசிக்காளான் படர்ந்த வெளிகள் உள்ளன. நம் சமையலறையில் மசாலைக்கு இடும் கல்பாசியின் உறவினமே அது. காளானும் பாசியும் கூடி ஒருயிர் போல் வாழும் அது, உலர்ந்த நிலையில் கருகிய சருகு போலத் தோன்றும். சில துளி நீர் தெளித்தால் சற்றுநேரத்தில் விரிந்து பசுமை காட்டும். அது வளரும் வேகம் மிகமிகக் குறைவு. ஒரு சக்கரம் ஒரு நொடியில் நசுக்கியதை நிலம் மீண்டும் போர்த்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் செல்லும்.

சுவாகோப்பு ஆற்றுக்கு அப்பால் உள்நாடு நோக்கிச் செல்லும் வழியில், செர்மானியர் காலத்து மாட்டுவண்டிகளின் தடங்கள் இன்றும் தெரிகின்றன. வண்டிகள் மக்கிப் போயின, மாடுகள் இல்லை, ஓட்டியவரும் இல்லை. முதல் உலகப்போரில், 1915ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்கப் படை அவ்வழியே சென்று பாளையம் இறங்கிய இடத்தில் அவர்கள் எறிந்த தகரக் குப்பிகளும் ஊர்தித் தடங்களும் கிடக்கின்றன. வால்விசு விரிகுடாவிற்குத் தெற்கே குயிசெபு ஆற்றின் கழிமுகத்தில் இதனினும் பழைமையான தடங்கள் உண்டு. அங்கும் வழிகாட்டியர் குவாட் வண்டிகளில் விருந்தினரை அழைத்துச் செல்வர். சில நூற்றாண்டுகளுக்கு முன் வெள்ளம் வடிந்த சேற்றில் நடந்த மனிதரின் அடிச்சுவடுகளும், யானையின் சுவடும், ஒட்டகச் சிவிங்கியின் சுவடும் அச்சேறு இறுகியதால் அப்படியே நின்றுவிட்டன. நகரும் குன்றுகள் அவற்றை மூடுவதும் திறப்பதுமாக இருக்கின்றன. 'நாரா' என்னும் முட்காயைப் பறித்து உண்டு அக்கழிமுகத்தில் வாழ்ந்துவரும் தோப்பனார் மக்களின் முன்னோர் உண்டு கழித்த கிளிஞ்சிற் குவியல்களும் அங்கே உள்ளன. ஒரு தடத்தைக் காணச் செல்பவர் மற்றொரு தடத்தை அதன்மேல் இடாதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே, அங்கு வழிகாட்டி இல்லாமற் செல்லுதல் கூடாது.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் அவன் வரிசையின் இறுதியிலேயே வந்தான். முன்செல்பவர் சக்கரத் தடத்தையே உற்று நோக்கிக்கொண்டு வந்தமையால், கடைசிக் குன்றின் உச்சியிலிருந்து தெரிந்த கடலை அவன் பார்க்கவேயில்லை என்று நண்பர்கள் எள்ளினர்.

அடுத்த திசம்பரில் அந்நால்வரும் மீண்டும் அவ்வூர்க்கு வந்தனர். வழிகாட்டியும் அவரே. குன்றுகளில் அவர்கள் முன்னர் ஏறி இறங்கிய தடங்களில் ஒன்றும் இல்லை. குன்றுகளின் வடிவமே சிறிது மாறியிருந்தது. சரளை வெளி வந்ததும் மாணவன் தன் கையை உயர்த்தினான். யாவரும் நின்றனர். பறவைகள் சற்றுத் தொலைவில் பறந்துகொண்டிருந்தன. பழைய தடத்தில் நின்றவாறே அவன் வெளியை நோக்கினான். ஓரத்திலிருந்து வெளிறிய இரு கோடுகள் பிரிந்து, முப்பது அடி சென்று, சட்டென நின்றிருந்தன. டயரின் பற்கள் பதிந்த வரிகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது.